பெரியது கேட்கும் பெருமை

சென்ற மாதம் சம்பளத்திற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிரம்பானில் ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் வாலிபர் நால்வர் வந்து பக்கத்து மேசையில் அமர்ந்தனர். அக்கடைப் பலகையில் கெச்சில், பியாசா, பெசார் என்று மூன்று பெயர் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே விலை போட்டிருந்தது. மூவர் தே தாரிக் பெசார் கேட்டனர். நான்காமவன் கெச்சில் என்றான். கடைப்பையன் நின்ற இடத்திலிருந்தே தேநீர் ஆற்றுகிறவரை நோக்கி, "பெசார் மூணு, கெச்சில் ஒண்ணு!" என்று கடை முழுதும் கேட்கக் கூவினான். உடனே மூவரும் நகைத்தனர். "ஏன்டா, சம்பளத்த அப்படியே வீட்டுல குடுத்துட்டியா?" என்றான் ஒருவன். "தம்பிக்கு ஒரு பால்புட்டி குடுங்க அண்ணே" என்றான் இன்னொருவன். நான்காமவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "எனக்கும் பெசாரே போடுங்க" என்றான். வந்த குவளையில் பாதியைத் தாண்ட அவனால் ஆகவில்லை. எனினும் காசு கொடுத்தது வீணாகுமே என்று, புறப்படும்போது நின்றபடியே மிச்சத்தை ஒரே மடக்காகக் குடித்துவிட்டுப் போனான்.

இதைப் பற்றி எழுத ஒரு கட்டுரை வேண்டுமா என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். கூலி, குடியிருப்பு, பிள்ளைகளின் படிப்பு என்று எத்தனையோ பெருங்காரியங்கள் கிடக்க, தேத்தண்ணீர்க் குவளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டானே இந்தக் கிராணி என்று முகம் சுளிப்பாரும் இருப்பர். அவர்கள் அந்த வாலிபன் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். அவனுக்கு எவ்வளவு தாகம் என்பது அவனுக்குத்தான் தெரியும். கடைக்காரருக்குத் தெரியாது, தோழருக்கும் தெரியாது. அப்படித் தனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை ஒரே ஒரு சொல்லுக்கு அஞ்சி அவன் கைவிட்டான். ஊரார் என்ன சொல்வார்களோ என்று கடன்பட்டுக் கலியாணம் செய்கிறவனை நாம் கண்டிக்கிறோம். ஊரார் என்ன சொல்வார்களோ என்று தேநீர் குடிக்கிறவனை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்? இரண்டும் ஒரே வேரில் முளைத்தவைதாம்.

என் கட்சியை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். உணவுக்கடைப் பலகைகளில் காணும் சிறியது, சாதாரணம், பெரியது என்னும் பெயர்கள் அளவுகளே அல்ல. அவை பட்டங்கள். ராவ் பகதூர், திவான் பகதூர் என்று ஒரு காலத்தில் வழங்கிய பட்டங்களைப்போல், வாங்குகிறவனுக்கு ஒரு மதிப்பையோ ஒரு சிறுமையையோ ஒட்டிவிடுகின்றன. நாம் வயிற்றைக் கேட்டு வாங்குவதை விட்டு, பட்டத்தைக் கேட்டு வாங்குகிறோம். பட்டத்தோடு கூட வருகிற சோற்றையும் சர்க்கரையையும் உடம்பு சுமக்கிறது.

நான் தோட்டத்து ஆப்பீசில் வேலை பார்க்கிறவன். என் தொழிலில் பாதி நிறுவையைப் பதிவதுதான். குலை ஏற்றிய லாரி ஆலையில் எடைமேடை ஏறினால் கிலோக் கணக்குச் சீட்டு வருகிறது. ஒரு கிலோ கூடினாலும் குறைந்தாலும் எழுத்திருக்கிறது. ரப்பர்க் காலத்தில் இன்னும் கடுமை. பால் வாளியை நிறுத்ததோடு விடவில்லை. மெட்ரோலாக் என்னும் கருவியை உள்ளே விட்டு, அந்தப் பாலில் எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்றும் பார்த்துத்தான் கணக்கு எழுதினார்கள். பால்மரம் வெட்டியவரிடம், "உன் வாளி பெரியது, ஆகவே உனக்குப் பெரிய கூலி" என்று எந்தத் துரையும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நம் பாட்டனார்கள் ஒப்பியிருப்பார்களா? பிரட்டுக்களத்திலேயே கத்தியை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நம்மிடம் வாங்குகிறபோது கிலோவும், நமக்கு விற்கிறபோது 'பெசாரும்' என்றால், இந்த வியாபாரத்தில் யார் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பது என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நமக்கு அளவே தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எட்டு ஆழாக்கு ஒரு படி என்று எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும் அறிந்திருந்தாள். இந்நாட்டு மலாய்க்காரரோ நான்கு சூப்பாக் ஒரு காந்தாங் என்று அளந்து கொடுத்தனர். ஆழாக்கு என்னும் சொல்லில் பெருமையுமில்லை, சிறுமையுமில்லை. ஆழாக்கு அரிசி வாங்கிய குடும்பத்தை ஊரார் ஏழை என்று எண்ணியிருக்கலாம். அளவின் பெயர் அப்படி எண்ணும்படி யாரையும் தூண்டவில்லை. திருக்குறளில் 'மருந்து' என்றொரு அதிகாரமுண்டு. அதைத் திறப்பவர் வேர்களையும் தழைகளையும் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார். அது பெரும்பாலும் உண்ணும் அளவைப் பற்றியே பேசுகிறது. அதை மேடையில் முழங்குகிறோம். மேடையிலிருந்து இறங்கி நேரே கடைக்குப் போய், "பெசார், தம்பா" என்று கேட்கிறோம்.

நிற்க. இந்தப் பட்ட வியாபாரம் மலாய்ச் சொற்களால் நேர்ந்த வினை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தமிழ்நாட்டிற்குப் போனவர்கள் அங்குள்ள உணவு விடுதிப் பலகைகளை நினைவுகூர்வார்களாக. 'அளவுச் சாப்பாடு' என்று ஒரு வரி; அதற்கு மேலே 'முழுச் சாப்பாடு' என்று ஒரு வரி. அளவுச் சாப்பாடு என்பது எவ்வளவு அழகிய பெயர்! ஆனால் என்ன அளவு என்று கேட்டால் பதில் இல்லை. அளவின் பெயரை வைத்துக்கொண்டு அளவை மறைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்திலேயே 'முழு' என்று எழுதியதால், அளவுச் சாப்பாடு உண்கிறவன் ஏதோ ஊனமான உணவை உண்கிறவன் ஆகிவிடுகிறான். நண்பரோடு உட்கார்ந்து அளவுச் சாப்பாட்டுச் சீட்டு வாங்கத் துணிகிறவர் எத்தனை பேர்? பிரியாணிக் கடையிலோ கால் பிளேட், அரைப் பிளேட், முழுப் பிளேட். அரை என்றால் எதில் அரை? முழு இன்னதென்று தெரியாதபோது அரை என்பது வெறும் ஓசைதானே! ஒரு தெருவின் அரை அடுத்த தெருவின் முழுவுக்குச் சமமாயிருந்ததை நானே கண்டிருக்கிறேன்.

இத்தனைக்கும் நம் உணவிலேயே இதற்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. இட்டிலியை யாரும் பெரியது, சிறியது என்று கேட்பதில்லை. எத்தனை என்றுதான் கேட்கிறோம். இரண்டு தின்றவன் மேலும் ஒன்று வேண்டுமென்றால் ஒன்று கேட்கிறான். ரொட்டி சானாயும் அப்படியே, தோசையும் அப்படியே. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்டிலி ஒன்று ஒரு ரூபாய் என்று விற்றார்கள். சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர்ச் சாதம் 3 ரூபாய். மூட்டை தூக்குகிறவரும், பக்கத்து ஆப்பீசுக்காரரும் ஒரே வரிசையில் நின்று வாங்கினர். பெரியது வாங்கிப் பெருமைகொள்ளவோ, சிறியது வாங்கிக் குறுகவோ அங்கே இடமில்லை. எண்ணுக்குப் பட்டமில்லை. அந்த எண் குவளைக்கும் தட்டுக்கும் வந்துசேராமற் போனதுதான் குறை.

இனி, இந்தப் பட்டங்களை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்த அமெரிக்க தேசத்தைச் சற்றுப் பார்ப்போம். அங்கே 1960களில் டேவிட் வாலர்ஸ்டைன் என்பவர் படக்கொட்டகைகளை நடத்திவந்த ஒரு குழுமத்தில் வேலை பார்த்தார். சோளப்பொரி விற்பனையை எப்படியாவது உயர்த்த வேண்டுமென்பது அவர் கவலை. ஜனங்களுக்கு இன்னும் தின்ன ஆசையிருக்கிறது; ஆனால் இரண்டாம் பொட்டலம் வாங்கினால் பெருந்தீனிக்காரன் என்று பார்ப்பார்களே என்று வெட்கப்படுகிறார்கள் என்பதை அவர் கண்டுகொண்டார். உடனே ஒரே பொட்டலத்தைப் பெரிதாக்கி விற்றார். வாங்கினவன் ஒன்றுதான் வாங்கினான், ஆகவே வெட்கமில்லை. விற்பனை ஏறியது. பின்னர் இதே உபாயத்தை அவர் மெக்டொனால்ட்ஸ் கம்பெனிக்கும் கொண்டுபோனார். சிரம்பான் வாலிபனின் கதையை இதனோடு ஒட்டிப் பாருங்கள். அங்கே இரண்டு வாங்க வெட்கம். இங்கே சிறியது வாங்க வெட்கம். வெட்கம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் லாபம் ஒரே பக்கம்தான் சேருகிறது.

பெயரை மட்டும் மாற்றி ஜனங்களை ஏய்ப்பதற்கு வெண்டீஸ் என்னும் அமெரிக்க உணவகக் கம்பெனியைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. அவர்களிடம் 32 அவுன்ஸ் பானம் ஒன்று 'பிக்கி' என்னும் பெயரில் இருந்தது. பெருங்குவளை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஏறக்குறைய ஒரு லிட்டர். 2006இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். பானத்தை எடுத்தார்களா? இல்லை. அதே 32 அவுன்ஸ் 'நடுத்தரம்' ஆயிற்று. முன்பு நடுத்தரமாயிருந்த 20 அவுன்ஸ் 'சிறியது' ஆயிற்று. மேலே 42 அவுன்ஸுக்குப் 'பெரியது' என்று புதுப்பட்டம் சூட்டினார்கள். நேற்றுவரை பெருங்குவளை குடித்து மனச்சாட்சி குத்தினவன், இன்று அதையே குடித்து, நான் நடுநிலையாளன் என்று மார்தட்டிக்கொள்ளலாம்! ஸ்டார்பக்ஸ் என்னும் காப்பிக்கடைக்காரரோ சிறியது என்ற சொல்லையே வைத்துக்கொள்ளவில்லை. பலகையில் காணும் மிகச் சிறிய குவளைக்கு 'டால்', அதாவது நெட்டையன் என்று பெயர், 12 அவுன்ஸ். அதினும் சிறிய 8 அவுன்ஸ் குவளையும் உண்டு. ஆனால் அதைப் பலகையில் பெரும்பாலும் எழுதுவதில்லை. தெரிந்தவர் கேட்டால் கொடுப்பார்கள். குள்ளனைக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, நெட்டையனைக் கடைசிப் பையன் என்று அறிமுகம் செய்கிறார்கள்.

இவையெல்லாம் வியாபாரியின் கற்பனை, நம் வயிறு இதற்கு மயங்காது என்று தைரியமாகச் சொல்லுகிறவர்களுக்கும் சில செய்திகள் உண்டு. நிலூஃபர் ஐதின்ஓலு, ஆராத்னா கிருஷ்ணா என்னும் இரு பெண் ஆராய்ச்சியாளர்கள் 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பெரிய பண்டத்துக்குச் 'சிறியது' என்று பெயர் ஒட்டிக் கொடுத்தால், ஜனங்கள் அதை அதிகமாகத் தின்றுவிட்டு, குறைவாகத் தின்றதாகவே எண்ணிக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. சிறிய பண்டத்துக்குப் 'பெரியது' என்று பெயர் வைத்தால் அதே அளவுக்கு மயக்கமுண்டாவதில்லை. நமக்குச் சௌகரியமான பொய்யைத்தான் நாம் நம்புகிறோம் போலும்! 2008இல் ஷார்ப், ஸ்டேலின், ஹூபர் என்னும் மூவர் வேறொன்றைக் காட்டினர். வரிசையில் கடைக்கோடியிலிருப்பதை எடுக்க மனிதன் கூசுகிறான், நடுவை நாடுகிறான். ஆகவே அடியில் உள்ள சிறியதை எடுத்துவிட்டு, உச்சியில் இன்னும் பெரியதொன்றை வைத்தால், அவன் அறியாமலே ஒரு படி மேலே ஏறிவிடுகிறான். அதற்கும் முன் 2002இல், பென்சில்வேனியா அரசுப் பல்கலைக்கழகத்து பார்பரா ரோல்ஸும் அவருடைய துணைவர்களும் ஒரே மாவு உணவை ஒரு நாள் 500 கிராமாகவும் மற்றொரு நாள் 1,000 கிராமாகவும் முன்வைத்துப் பார்த்தனர். பெரிய தட்டு வைத்த நாளில் ஜனங்கள் சுமார் நூற்றுக்கு முப்பது பங்கு கூடுதலாக உண்டனர். (இத்துறையில் பேர்போன கார்னெல் பல்கலைக்கழகத்து பிரையன் வான்சிங்கின் கட்டுரைகள் பல, பிழையுடையவை என்று 2018ஐ ஒட்டிய ஆண்டுகளில் பத்திரிகைகளாலேயே திரும்பப் பெறப்பட்டன. தட்டு, கிண்ணம் பற்றி அவர் பெயரால் உலவும் கணக்குகள் ஏராளம். அவற்றில் ஒன்றையும் நான் இங்கே எடுத்தாளவில்லை.)

ஆங்கில வழியில் படித்துவிட்டு ஆப்பீசு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் போன்றோர், இதையெல்லாம் படித்தபின், "பாவம், தோட்டத்து ஜனங்கள் பெசாரில் மயங்குகிறார்கள்" என்று இரங்குவது வழக்கம். அந்த இரக்கத்தை நான் முதலில் என் மேசையிலிருந்தே கழற்றி எறிய வேண்டும். நகரத்துக் குளிரூட்டிய கடையில் 'கிராண்டே' என்று வாய் நிறையக் கேட்டு வாங்கியவன்தான் நானும். அங்கே டால் கேட்ட நண்பரைப் பார்த்து, "ஏன், சிக்கனமா?" என்று கேட்டதும் இதே வாய்தான். பெசார் மலாய்ச் சொல், கிராண்டே இத்தாலியச் சொல் என்பதைத் தவிர வேறென்ன வித்தியாசம்?

இந்தப் பெருமையின் விலையைச் சொல்லவேண்டும். மலேசிய சுகாதார அமைச்சு 2019இல் எடுத்த தேசியக் கணிப்பில், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. 2023ஆம் ஆண்டுக் கணிப்பில் 15.6. இரண்டிலும் இனவாரியாகப் பார்த்தால் முதலிடம் இந்தியர்க்கே. வேறு எந்த முதலிடத்தையும் இவ்வளவு உறுதியாக நாம் பிடித்துக்கொண்டதில்லை. போர்ட்டிக்சன் பக்கத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய என் தாய்மாமன் தேநீர்க்கடையில் ஒருநாளும் சிறிய குவளை கேட்டறியார். "கெச்சில் குடிக்க நான் என்ன சின்னப் பயலா?" என்பது அவர் வாடிக்கை வாக்கியம். கடைக்காரர்களும் அவரைக் கண்டதும் கேளாமலே பெரிய குவளையை எடுப்பார்கள். அதில் அவருக்கு ஒரு ராஜ சந்தோஷம். ஐம்பத்தெட்டாம் வயதில் வலது பாதத்தை எடுத்தார்கள். அவர் நோய்க்குத் தேநீர்க் குவளைதான் காரணம் என்று நான் சொல்லத் துணியேன். அவர் தாயாருக்கும் நீரிழிவு உண்டு, சோற்றுக்கும் பங்குண்டு. ஆனால் தே தாரிக்கில் ஊற்றும் இனிப்புப் பாலின் எடையில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை என்பதும், பெரிய குவளைக்கு அந்தப் பால் கூடுதலாகப் போகும் என்பதும் சந்தேகத்துக்கிடமில்லாதவை. (பால் என்று நாம் சொல்லுகிற தகரக் குப்பிகளில் பலவும் செம்பனை எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த 'கிரீமர்'. நாம் வெட்டி அனுப்பிய குலை, பால் என்று பெயர் மாற்றிக்கொண்டு நம் குவளைக்கே திரும்பிவருகிறது.)

அரசாங்கம் சும்மாயிருக்கவில்லை. 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து, 100 மில்லியில் ஐந்து கிராமுக்கு மேல் சர்க்கரையுள்ள ஆலைப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி விதித்தது. நல்ல காரியந்தான். ஆனால் அந்த வரி புட்டியோடு நின்றது. கடையில் ஆற்றும் குவளைக்கு வரவில்லை. புட்டியில் எத்தனை மில்லி, எத்தனை சர்க்கரை என்று அச்சிட்டிருக்கிறது. குவளையில் ஒன்றுமில்லை. சந்தையில் மீன் நிறுக்கிற தராசுக்கு முத்திரை வேண்டும். கடைப்பலகையில் விலை எழுத வேண்டும். அளவுக்கு மட்டும் ஒரு பெயரடை போதும்! இந்தியாவில் 2017 ஏப்ரலில் உணவு அமைச்சர் ராம் விலாஸ் பஸ்வான், தட்டில் எவ்வளவு வரும் என்பதை உணவகங்கள் குறிப்பிடலாமே என்றொரு யோசனையை வெளியிட்டார். எங்கள் தட்டை அளக்க நீ யார் என்று எதிர்ப்புக் கிளம்பவே, அது சட்டமாகாமல் அடங்கிப்போயிற்று. நியூயார்க் நகரம் 2012இல் இன்னும் மிஞ்சிப்போய், 16 அவுன்ஸுக்கு மேற்பட்ட சர்க்கரைப் பானக் குவளைகளையே தடைசெய்யப் பார்த்தது. நீதிமன்றங்கள் மறித்து, 2014இல் அது முற்றும் வீழ்ந்தது. நான் தடை கேட்கவில்லை. பெரியது குடிக்க விரும்புகிறவர் தாராளமாகக் குடிக்கட்டும். எவ்வளவு என்று தெரிந்து குடிக்கட்டும் என்கிறேன்.

இங்கே எதிர்க்கட்சியார் எழுந்திருப்பர். உழைத்து அலுத்த ஏழைக்கு உள்ள ஒரே சந்தோஷம் ஒரு பெரிய குவளை. அதையும் பிடுங்குவானேன் என்பார்கள். ஐயா, இந்த வாதம் நமக்குப் புதிதன்று. தோட்டத்துக் கள்ளுக்கடைகளுக்கும் இதே இரக்கத்தைத்தான் காட்டினார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலியோடு கூடக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டனர். ஏழையின் சந்தோஷத்தைப் பற்றி ஏழைக்கே தெரியும் என்பதை அவர்கள் அன்றே காட்டிவிட்டார்கள். நான் கேட்பதோ மூடுவதுகூட அன்று, எழுதுவது மட்டுமே.

இன்னொரு கூட்டத்தார், விலைக் கணக்குப் பேசுவர். சிறியதைவிடப் பெரியது சில காசுதான் கூட. பெரியது வாங்குவதே புத்திசாலித்தனம் என்பது அவர்கள் கணக்கு. கடைக்காரருக்கு வாடகை, விறகு, ஆள் கூலி எல்லாம் குவளை எந்த அளவாயினும் ஒன்றுதான். மேற்கொண்டு ஊற்றுகிற தண்ணீருக்கும் சர்க்கரைக்கும் அவருக்கு ஆகும் செலவு அற்பம். ஆகவே அந்தச் சில காசில் பெரும்பகுதி அவருடைய ஆதாயம். வேண்டாத பண்டத்தை மலிவாக வாங்கினால் அது லாபமா? தேவைக்கு மேற்பட்ட நூறு மில்லியைச் சும்மா கொடுத்தாலும் அதற்குரிய கிரயத்தை வேறோரிடத்தில், வேறொரு கவுண்டரில், சீட்டெடுத்துக் காத்திருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. இதற்காகக் கடைக்காரரைத் திருடர் என்று நான் சொல்லமாட்டேன். அவரும் பிழைக்க வேண்டும். நாம் கேட்கிற பட்டத்தை அவர் விற்கிறார்.

பெண்கள் விஷயத்தில் இந்தப் பட்டம் தலைகீழாக வேலை செய்வதையும் கவனிக்க வேண்டும். விடியுமுன் எழுந்து சமைத்து, பிரட்டுக்குப் போய், பகல்வரை உரமூட்டை சுமந்தும் மருந்தடித்தும் வருகிற பெண் ஒருத்தி, கடையில் ஆண்பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து 'நாசி தம்பா' என்று கேட்கட்டும் பார்க்கலாம்! "பொம்பளைக்கு இவ்வளவு சோறா?" என்னும் கேள்வியை வாயால் கேட்காவிட்டாலும் கண்ணால் கேட்பார்கள். பசித்தவளுக்குச் சிறியது, பசியாதவனுக்குப் பெரியது என்று பகிர்ந்து கொடுப்பது அந்தப் பலகைதான். ஆணுக்கு அதிகம் தின்றால் பெருமை, பெண்ணுக்குக் குறைத்துத் தின்றால் பெருமை என்று வகுத்த புண்ணியவான் யாரோ, அவருக்கு உரமூட்டையின் கனம் தெரிந்திருக்க நியாயமில்லை.

சொல்லை மாற்ற முடியாது என்று யாரும் கைவிரிக்க வேண்டாம். நம் கண்ணெதிரே ஒரு சொல் மாறியிருக்கிறது. 'கூராங் மானிஸ்', அதாவது இனிப்புக் குறைவாக என்று கடையில் கேட்பது முன்பு நோயாளியின் அடையாளமாயிருந்தது. இன்று இருபது வயதுப் பிள்ளைகளும் கூசாமல் கேட்கிறார்கள். கடைப்பையனும் கூசாமல் கூவுகிறான். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எவ்வளவு குறைவு என்பதற்கு அங்கும் கணக்கில்லைதான். ஆயினும் வெட்கம் கழன்றுவிட்டது. அதுபோல் 'கெச்சில்' என்னும் சொல்லிலிருந்தும் வெட்கம் கழல வேண்டும். அல்லது அந்தச் சொல்லே கழல வேண்டும். பின்னது சுலபம் என்பது என் எண்ணம். பலகையில் பெயர்களை அழித்துவிட்டு மில்லியையும் கிராமையும் எழுதுங்கள். பெயர் வைத்துத்தான் தீரவேண்டுமென்றால், உள்ளதில் சிறியதற்குச் 'சாதாரணம்' என்று பெயர் வையுங்கள். மற்றவை 'கூடுதல்' என்று நிற்கட்டும். தோட்டத்துச் சங்கங்களும், கோவில் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் வைக்கிற இளைஞர் மன்றங்களும் இதைத் தங்கள் கையாலேயே தொடங்கலாம். யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை.

எங்கள் தோட்டத்து வாசலில் ஒட்டுக்கடை வைத்திருக்கும் அக்காவிடம் இதைச் சொன்னேன். "கிராணியாருக்கு வேற வேலையில்லையா?" என்று சிரித்தவர், இரண்டு நாள் கழித்து, "சரி, எழுதிக் குடுங்க" என்றார். ஆப்பீசிலிருந்து அளவுக்குடுவை ஒன்றைக் கொண்டுபோய் அவருடைய குவளைகளை நிரப்பிப் பார்த்தோம். சிறியதில் 200 மில்லி, பெரியதில் 350. இரண்டையும் அட்டையில் எழுதி, பழைய பெயர்களின்மேல் ஒட்டினேன். முதல் நாள் வந்தவர்கள் ஏதோ விலை ஏறிவிட்டதென்று சண்டைக்கே வந்துவிட்டார்கள். "இருநூறு வெள்ளியா ஒரு தேத்தண்ணிக்கு?" என்று கேட்ட பெரியவரைச் சமாதானம் செய்வதற்குள் அக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது ஒரு மாதமாகிறது. சிலர் "இருநூறு" என்று கேட்கிறார்கள். மருந்தடிக்கும் பெண்கள் இருவர் "முந்நூத்தம்பது" என்று சத்தமாகவே கேட்கிறார்கள். குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இன்னும் "பெசார்" என்றுதான் கேட்கிறார்கள். அக்கா குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு, "முந்நூத்தம்பது மில்லி. ஊத்தவா?" என்று திருப்பிக் கேட்கிறார். கேட்டவன் சற்று யோசிக்கிறான். சில நாள் ஊற்றச் சொல்லுகிறான். சில நாள், "வேணாம், மத்தது குடுங்க" என்கிறான்.